அசல் என்று நான் சொன்ன காசு

14.2.2009, சனி

கடையில் இன்று மூன்று தராசு ரிப்பேர். திராட்சை மண்டித் தராசின் தட்டுக்கடியில் ஒரு எலிக் குடும்பம் குடியிருந்தது. இத்தனை நாளும் எலியையும் சேர்த்தே பழம் விற்றிருக்கிறார்கள்.

மத்தியானம் கூடலூரிலிருந்து சம்மந்தி ஈஸ்வரபாண்டி ஜீப்பில் வந்தார். மகள் மாரீஸ்வரியைக் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது, அவள் மாமனார் என் கடைப்படி ஏறுவது இதுதான் முதல் தடவை. பஞ்சில் பொதிந்து ஒரு தங்கக் காசு கொண்டுவந்தார். ராஜா தலை போட்டது, 1918. பம்பாயில் அந்த ஒரு வருஷம்தான் அடித்தார்களாம், அபூர்வமாம். இன்டர்நெட்டில் டெல்லிக்காரன் ஒருவனிடம் வாங்கியது. மாப்பிள்ளை தங்கபாண்டி கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தாராம். அந்த டெல்லிக்காரனிடம் இன்னும் நாலு இருக்கிறதாம்.

"ஆசாரிகிட்ட உரசிப் பாத்திருக்கலாமே சம்மந்தி" என்றேன்.

"உரசுனா கீறல் விழுந்து வெல போயிருமாம்ல. டெல்லிக்காரரு சொன்னாரு. நீங்க தராசுக்காரரு, கீறாமப் பாத்துச் சொல்லுங்க. நம்ம ஆளு சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க."

நம்ம ஆளாம்!

இந்த மனுஷன்தான் என் மகள் கல்யாணத்தில் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மணமேடைக்குப் பக்கத்திலேயே ஆசாரியை உரைகல்லோடு உட்காரவைத்து, நான் போட்ட நகையை ஒவ்வொன்றாய் உரசி எடை போட்டவர். ஒரு கிராம் குறைந்தது. "தராசுக்காரன் வீட்டுலயே எட குறையுதேப்பா!" என்று மைக்கில் சொன்னார். சபையே சிரித்தது. சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன் பாருங்கள், அந்தப் பயலைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

15.2.2009, ஞாயிறு

கடைக்கு லீவு. ஷட்டரை இறக்கிவிட்டுச் சோதித்தேன்.

எடை சரியாக இருந்தது. எட்டு கிராமுக்கு ஒரு நூல் குறைவு, அசல் காசும் அப்படித்தான். ஆனால் கையில் எடுத்தால் கொஞ்சம் தடிமன். சந்தேகம் வந்தது. நூலில் கட்டி, தண்ணீர் டம்ளருக்குள் முங்கவிட்டு மறுபடி எடை பார்த்தேன். தங்கம் என்றால் தண்ணீருக்குள் அரை கிராமுக்கும் குறைவாகத்தான் எடை இழக்கும். இது முக்கால் கிராம் இழந்தது. நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அதே.

உள்ளே வெள்ளி. மேலே தங்க முலாம்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் பார்டர் பாஸ். இந்தக் கணக்கு மட்டும் இனிக்க இனிக்க வந்தது.

16.2.2009, திங்கள்

காசை வாங்கிப்போக வந்த சம்மந்தியிடம் "அசல்" என்றேன்.

"நெசமாவா?"

"எடைய நீங்களே பாருங்க. நூலு பிசகல."

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "அப்ப அந்த நாலையும் அள்ளிரவா?"

"நீங்க அள்ளலேன்னா வேற எவனாவது அள்ளிருவான் சம்மந்தி."

என் வாயா இது? இவ்வளவு அழகாகப் பொய் பேசும் என்று தெரிந்திருந்தால் அரசியலுக்குப் போயிருக்கலாம்.

17.2.2009

இட்லி எட்டு சாப்பிட்டேன்.

1.3.2009, ஞாயிறு

நாலும் வாங்கிவிட்டாராம்! மாப்பிள்ளை போனில் சொன்னார். மே மாசம் பேரனுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில், சொந்தபந்தம் கூடியிருக்க, தாய்மாமன் சீர்த் தட்டுக்கு எதிரிலேயே அஞ்சு காசையும் தட்டில் பரப்பி வைக்கப்போகிறாராம். என் மகன் கொண்டுவரும் சீரைச் சின்னதாக்கத்தான் இந்த ஏற்பாடு. எனக்குத் தெரியாதா?

வைக்கட்டும். நான் தராசும் டம்ளரும் எடுத்துப் போவேன். மைக்கை வாங்குவேன். "சம்மந்தி வீட்டுத் தங்கம், சரியாத்தான் இருக்கும், இருந்தாலும் ஒரு தரம் தண்ணியில போட்டுப் பாத்துருவோம்" என்பேன். இந்த வசனத்தைக் குளிக்கும்போது ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். "சரியாத்தான் இருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு விடவேண்டும்.

வெளியே என் வீட்டுக்காரி ராமுத்தாய் கேட்டாள், "உள்ள யாருகூடப் பேசுறீக?"

22.3.2009

மண்டி முதலாளி திராட்சை கொடுத்தனுப்பினார். புளிப்பு. ஆனாலும் இனித்தது. இந்த மாசம் எதைத் தின்றாலும் இப்படித்தான் இருக்கிறது.

5.4.2009, ஞாயிறு

மாரீஸ்வரி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் கண்ணாடி வளையல். கழுத்தில் தாலிக்கயிறு மட்டும்.

"நகையெல்லாம் எங்கத்தா?"

"அடகுல இருக்குப்பா. அந்த நாலு காசு வாங்க மாமாவுக்குப் பணம் பத்தல. நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

"அவரு கேட்டாரா?"

"அவுக கேக்கல. வேணாம்னுதான் சொன்னாக. எங்கப்பாவே அசல்னு சொல்லிட்டாருல்ல மாமா, பொறவென்ன யோசனைன்னு நானாத்தான் குடுத்தேன். அன்னைல இருந்து அந்த வீட்டுல எனக்கு இருக்க மருவாதிய நீங்க பாக்கணுமேப்பா..."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு — என்ன எழுதுவது? மடையன். வடிகட்டின மடையன். அந்தாளக் குத்துறேன்னு கெளம்பி யாரு வயித்துல குத்திருக்கேன் நானு?

6.4.2009, திங்கள்

விடிந்ததும் கூடலூர் போனேன். "என் தராசுலயே கோளாறு சம்மந்தி, நேத்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்று அஞ்சு காசையும் வேறு தராசில் தண்ணீருக்குள் எடை போட்டுக் காட்டினேன். அஞ்சும் வெள்ளி.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் என்ன புண்ணியமாயிருக்கும்! காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் துடைத்து வைத்தார். பிறகு, "மிசினு பொய் சொன்னதுக்கு நீங்க என்னய்யா செய்வீக? நீங்களா பொய் சொன்னீக?" என்றார். மாரீஸ்வரியைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

குடித்தேன். அதையும் குடித்தேன்.

9.4.2009, வியாழன்

டெல்லிக்காரன்மேல் புகார் கொடுக்கத் தேனிக்குப் போனோம். சம்மந்தி, மாரீஸ்வரி, நான். பேங்க் ரசீதை ஜெராக்ஸ் எடுக்கச் சம்மந்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். மாரீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினாள். அவள் கையெழுத்து குண்டுகுண்டாக அழகு. எட்டிப் பார்த்துப் படித்தேன்.

"என் தகப்பனார் முப்பது வருடமாகத் தராசு வேலை பார்ப்பவர். அவர் சோதித்து அசல் என்று சொன்னதை நம்பி..."

அதற்குமேல் படிக்க முடியவில்லை.

"ஆத்தா, தராசுல கோளாறு இல்ல."

"என்னப்பா சொல்றீக?"

"மொத நாளே தண்ணியில போட்டுப் பாத்தேன். வெள்ளின்னு அன்னைக்கே தெரியும். கல்யாணத்துல அந்தாளு பண்ணுனதுக்குத்தான்..."

பேனாவை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் கடையைப் பார்த்தாள்.

"மாமா வாராக. வாயத் தொறக்காதீக."

"இல்லத்தா, நான் சொல்லிர்றேன். கால்ல கூட விழுந்துர்றேன்."

"நீங்க விழுந்துட்டு பஸ் ஏறிருவீக. அங்கன சோறு திங்கப் போறது நானு."

சம்மந்தி வந்தார். "எழுதியாச்சா ஆத்தா?"

"ஆச்சு மாமா. அப்பா சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி."

பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள். போட்டேன்.

உள்ளே போலீஸ்காரர் கேட்டார், "நீங்க ஒழுங்காத்தான் சோதிச்சீங்களா?" நான் வாய் திறப்பதற்குள் சம்மந்தி முந்திக்கொண்டார். "சார், எங்க சம்மந்தி பொய் சொல்ற ஆளு இல்ல."

திரும்பும்போது ஜீப்பில் அவள் மாமனார் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். எங்கள் ஊருக்குப் பிரியும் அனுமந்தன்பட்டி விலக்கில் இறங்கிக்கொண்டேன். "வர்றோம் சம்மந்தி" என்று அவர்தான் சொன்னார்.