சர்க்கரை என்று சொல்லி வைத்தோம்

நேற்றுக் காலை கடையைத் திறந்து, ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘சுகர் டாக்டர்’ என்று வந்தது. அந்தப் பெயரில் அந்த எண்ணை என் போனில் பதிந்து வைத்தவன் நீதான். உன் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள் என்று சொல்லி, அங்கே என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவனும் நீதான். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னை விசாரித்து எனக்குப் போன் வருகிறது. எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

“நான் தர்மபுரியிலேருந்து பேசறேங்க. அண்ணன் பக்கத்துல இருக்காங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். யார், என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை இல்லை. பேசுவது நான்தான் என்று தெரிகிற வரைக்கும் உன் பேரைக்கூட அந்த அம்மா வாயில் எடுக்கவில்லை. குடியால் அவதிப்படுகிறவர்களுக்குக் காசு வாங்காமல், வெளியே தெரியாமல் ஆலோசனை சொல்கிற அந்த மாடி அறைக்காரர். ரொம்ப நாளாக ஆளைக் காணோமே என்று கேட்கக் கூப்பிட்டாராம். நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். அப்புறம் அவர் கேட்டதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சண்டை போட வேண்டியது நிறைய இருக்கிறது.

நீ போர்வெல் மோட்டார் சரிசெய்கிறவன். எந்த விவசாயியின் காட்டில் மோட்டாரை இறக்கித் தண்ணீர் மேலே வந்தாலும், அந்தக் காட்டுக்காரர் சந்தோஷத்தில் முதலில் நீட்டுவது ஒரு குவார்ட்டர் பாட்டில். அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் தண்ணீர் வராத காட்டிலும் குடித்தாய். கடைசியில், காலையில் கை நடுங்காமல் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பதற்கே குடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நிலைமையில்தான் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்திருந்தாய். யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்து விட்டுப்போன நோட்டீஸ் ஒன்று மேஜையில் கிடந்தது. மதுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச ஆலோசனை, ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தது. அதை எத்தனை தடவை படித்தாய் என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

“ரகசியம்னு போட்டிருக்கே, நெஜமா காப்பாங்களாடா?”

“போய்ப் பாத்தாத்தான தெரியும்.”

“யாருக்கும் தெரியக் கூடாது. என் பொண்டாட்டிக்கும்தான். முழுசா வுட்டு முடிச்சப்பறம் நானே சொல்லுவன். நடுவுல சொல்லி, வுட முடியாம போச்சுன்னா அது வேற அசிங்கம்.”

நானும் மண்டையை ஆட்டினேன். அப்போதே ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

முதல் புதன்கிழமை பொம்மிடி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். பால் சொசைட்டி செயலாளர் வந்து, “ரெண்டு பேரும் காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். என் வாயில் வந்தது இதுதான். “இவனுக்கு சுகர் இருக்கும் போலிருக்குதுங்க. டெஸ்டுக்குப் போறோம்.” அவருக்கு ஒரே சந்தோஷம். தனக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, என்னென்ன சாப்பிடுகிறார் என்று தர்மபுரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். குடிக்கு வைத்தியம் பார்க்கிறான் என்றால் ஊர் சிரிக்கும். சர்க்கரை என்றால் ஊரே கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மருந்து சொல்லும். நாம் சாயங்காலம் திரும்பி வருவதற்குள் உன் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. உன் மனைவி பாகற்காயும் கையுமாக வாசலில் நின்றாள்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே அனுப்பி வைத்தார். “இங்க நீங்க சொல்றது இந்த ரூமத் தாண்டாதுங்க” என்றார். “ஒரு நாள் தவறிடுச்சுன்னா எல்லாம் போச்சுன்னு நெனைக்காதீங்க. மறுநாளே வந்துடுங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்கறதுதாங்க ஆபத்து” என்றார். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது, “அடுத்த தடவை வூட்ல அக்காவையும் கூட்டிட்டு வாங்க” என்றார். ஒவ்வொரு வாரமும் நீ சரிங்க என்றாய். பஸ் ஏறியதும், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்டா” என்றாய். உன்னோடு போய் வந்துகொண்டிருந்த நானும் போகட்டும் என்றேன்.

வீட்டில் வேறு கூத்து நடந்தது. காலையில் பாகற்காய் சாறு. மதியம் கேழ்வரகுக் களி. டீயில் சர்க்கரை கிடையாது. அப்பளம் பொரித்தால்கூட உனக்கு இல்லை. இல்லாத நோய்க்கு அவள் பார்த்த பத்தியத்தில் நீ அரையாளாகிவிட்டாய். பதினோரு மணிக்கு என் கடைக்கு வந்து, மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை ஊதி ஊதிக் குடிப்பாய். குடியை விட்டவன் டீயைத் திருட்டுத்தனமாகக் குடித்த கதை உலகத்தில் உன் கதை ஒன்றுதான் இருக்கும். அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சக்கரை வந்ததும் ஒரு நல்லதுக்குத்தாங்கண்ணா. அந்தக் கருமத்த வுட்டுட்டாரே” என்பாள். அவள் முகத்தில் அத்தனை வருஷம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். நமக்கும் அந்தப் பொய் பிடித்துப் போய்விட்டது.

தை மாதம் தொடங்கியவன் சித்திரை முடிகிற வரைக்கும் ஒரு சொட்டு தொடவில்லை. கை நடுக்கம் நின்றது. வைகாசியில் உன் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் நீ. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அரூர் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் கறி விருந்து. வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் ஆண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தாய்மாமன் கிளாஸில் கை வைக்காமல் மற்றவர்கள் தொட மாட்டார்கள், அது அந்த வீட்டு வழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் உன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து வந்து, ஊற்றுகிற ஆளிடம் அக்கறையாகச் சொன்னார்.

“மாமனுக்கு சக்கரைங்க. கலரு சோடா கலக்காதீங்க, வெறும் தண்ணி ஊத்துங்க. பிராந்தில ஏதுங்க சக்கரை?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, உன் உடம்பைக் காப்பாற்றுகிறோம் என்ற சந்தோஷத்தில் சிரித்தார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான், “வேண்டாங்க, மாத்திரை சாப்புடறான்” என்றேன். “மாத்திரைய நாளைக்குப் போட்டுக்கிட்டாப் போச்சு” என்று கிளாஸை உன் கையில் வைத்துவிட்டார். ‘இவன் குடிய வுட்டுக்கிட்டு இருக்கானுங்க’ என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன். பெரிய யோக்கியன் மாதிரி வாக்கைக் காப்பாற்றினேன். நீ ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே பார்த்தாய்.

அடுத்த புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். நீ வரவில்லை. உன் பட்டறைக்கு வந்து கத்தினேன். “என்ன மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? அந்தம்மா என்ன நெனைப்பாங்க?” என்றாய்.

“அவங்க திட்டவே மாட்டாங்கடா.”

“அதாண்டா கஷ்டம்.”

அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்தார். நீ பக்கத்தில் நின்று கையை ஆட்டினாய். ஊரில் இல்லீங்க என்று சொன்னேன். கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை விட்டுவிட்டேன். மறுபடியும் தினமும் குடித்தாய், கார்த்திகைக்குள் கண் மஞ்சளாகி வயிறு வீங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் உனக்கு மூச்சு நின்றபோது, வராண்டாவில் உன் பங்காளிகள் சர்க்கரை முற்றி ஈரலைத் தின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி என்னிடம் சொன்னாள். “நாந்தாங்கண்ணா அவர வாட்டிட்டேன். பாகக்கா, களின்னு வாய்க்கு ருசியா ஒரு வாய் குடுக்கல. நாக்கு செத்துப் போயித்தான் மறுபடியும் அந்தக் கருமத்தத் தேடிப் போயிட்டாரு.” கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் அதோடு விடவில்லை. அன்றையிலிருந்து அவளும் அதே களி, அதே பாகற்காய். வேறு எதையும் தொடுவதில்லை. உனக்குக் கொடுத்த தண்டனையாம், தானும் அனுபவிக்கிறாளாம். இரண்டு மாதத்தில் ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். நீ அவளுக்கு விட்டுப்போனது இதுதான். நன்றாக இருக்கிறதா?

நேற்றுப் போனில் அந்த அம்மா கேட்டது, “வூட்ல அக்கா எப்படி இருக்காங்க?” என்றுதான். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கடை வாசலில் ஆள் நிற்க நிற்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினேன்.

“நான் சொல்ல முடியாதுங்க. அவரு போனப்பறமும் அது எங்க கட்டுப்பாடு” என்றார். “ஆனா அது எங்களுக்குப் போட்டதுங்க. உங்களுக்கு யாரும் போடலியே” என்றார். அக்கா வர விரும்பினால் வரலாம், குடித்தவர்களோடு இருந்து கஷ்டப்பட்டவர்களுக்கும் அந்த அறைதான் என்றும் சொன்னார்.

போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கு இருந்த கட்டுப்பாட்டை, யாரும் கேட்காமலே எடுத்து நம் கழுத்தில் கயிறாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஊர் வாய்க்குப் பயந்து உன் பெண்டாட்டியிடம் மறைத்தோம். அந்த ரகசியம் உன்னுடையது, நீ நினைத்திருந்தால் எந்தப் புதன்கிழமையும் அவிழ்த்திருக்கலாம். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அரைக் கழுதை அறிவு இல்லை.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நோட்டீஸிலிருந்து புளிய மரத்தடி வரைக்கும் சொன்னேன். அவள் பத்தியத்தால் நீ குடிக்கப் போகவில்லை, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“அப்ப அவருக்கு சக்கரையே இல்லியா?”

“இல்லம்மா.”

“எத்தன வாரம் போனாரு?”

“ஒரு வாரங்கூடத் தவறல. சித்திரை முடியற வரைக்கும் போனான்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அன்னிக்கு விருந்துல பின் வாசப்படியிலதாங்கண்ணா நின்னுக்கிட்டு இருந்தன்” என்றாள். “அவரு கிளாச வாங்கறதப் பாத்தன். விருந்துதான, ஒரு நாள்தான, பிராந்தில சக்கரை இல்லைன்னு வேற சொல்றாங்களேன்னு பேசாம வுட்டுட்டன். அப்பறம் பந்தியில உக்காந்தாரு. பிரியாணிக்குப் பிரட் அல்வா வெச்சாங்க. ஓடிப் போயி எலையிலேருந்து அத எடுத்தன். அத்தன பேரு முன்னால எடுத்தன். அவரு என்னையே பாத்தாரு.”

உரித்த பூண்டை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

“தெரிஞ்சிருந்தா அந்தக் கிளாசத் தட்டி வுட்டிருப்பங்கண்ணா. சம்பந்தி வூடுன்னு பாத்திருக்க மாட்டன். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான அவரக் காவல் காத்தன். ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஏன் வேற நோயக் காட்டுனீங்க?”

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறிவிடும் என்று தெரிகிறது. அவள் கேட்டது ஆறாது, அதைத்தான் வைத்துக்கொண்டு இருக்கப் போகிறேன். புதன்கிழமை அவள் அந்த மாடி அறைக்குப் போகிறாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.