பனிச்சறுக்கு வண்டியில் போன படம்

இன்று ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், பிள்ளைகளின் நிகழ்ச்சிக்காக யாரோ பழைய புரொஜெக்டர் ஒன்றைப் போட்டார்கள். விளக்குச் சூட்டில் தூசி கருகும் மணம் எழுந்தது. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே வந்து, ஈரமான இலைகளின் மேல் நின்றபடி உங்களை நினைத்தேன், அண்ணை.

நீங்கள் மொஸ்கோவில் படித்தவர். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றித்தான் அங்கே ஆய்வு செய்தீர்கள். ஒஸ்லோவில் நகரசபை வேலைக்குப் போய்வந்தாலும் உங்கள் பேச்சு அங்கேயே திரும்பும். புரட்சிக்குப் பிந்திய சில வருடங்களில் ரஷ்யக் கிராமத்துக் கூட்டுறவுக் கடைகள் படம் காட்டும் பொறிகளை வாங்கி, பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி ஊரூராக அனுப்பினவாம். மின்சாரம் இல்லாத இடங்களில் பார்க்க வந்தவர்களே மாறிமாறி டைனமோவைச் சுற்றுவார்களாம். திரையில் எழுத்து வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கச் சொல்வாராம். "உப்பு வாங்கின சனமே படத்தையும் வாங்கிச்சுது. ஆரும் பிச்சை போடேல்லை" என்று சொல்லும்போது உங்கள் முகம் மலர்ந்துவிடும்.

அந்த ஆசையில்தான் நாம் குடியிருந்த அம்மருட்டில் படம் போடத் தொடங்கினீர்கள். நம் அடுக்குமாடிகளே ஒரு வீட்டுக் கூட்டுறவுக்குச் சொந்தமானவை. அதன் பொதுமண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களுக்குக் கேட்டு வாங்கினீர்கள். தமிழ்க் குடும்பங்கள் செலவுக்குப் பங்குக்காசு போட்டன. புரொஜெக்டரை இயக்குவது என் வேலை.

சமாதானப் பேச்சு முறிந்து இலங்கையில் மறுபடியும் போர் தொடங்கியிருந்த குளிர்காலம் அது. அந்த ரஷ்யக் கிராமங்களிலேயே எடுத்த ஊமைப்படச் சுருள் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தீர்கள். எழுத்துகளை நீங்களே தமிழில் வாசித்தீர்கள். கூட்டுறவுக் கடை வாசலில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு, கமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். மண்டபமும் சிரித்தது.

படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த சாந்தி அக்கா கேட்டார். அவருடைய தம்பி அப்போது போர் நடந்த வன்னியில் இருந்தார்.

"அண்ணை, அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் பிறகு என்ன நடந்தது?"

நீங்கள் எப்போதும் கதையை நிறுத்தும் இடம் அதுதான். அன்று கொஞ்சம் தண்ணீர் குடித்தீர்கள்.

"சில வருசத்திலை அரசாங்கக்காரர் காணியைப் பறிச்சவை. தானியத்தையும் கொண்டுபோட்டினம். பஞ்சத்திலை கனசனம் செத்தது. கூட்டுறவு பேருக்குத்தான் மிஞ்சினது. ஆனா படம் நிக்கேல்லை. களஞ்சியம் நிரம்பி வழியிற மாதிரிக் காட்டினவை."

அந்த நாட்களில் எங்கள் வீடுகளுக்கு ஊரிலிருந்து வந்த போர் வீடியோக்களில் வெற்றி மட்டுமே இருந்தது. அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"உதை ஏன் இப்ப இஞ்சை கதைக்கிறியள்? ஆர் உங்களைக் கதைக்கச் சொன்னது?"

"அவ கேட்டவ. அதுதான் சொன்னனான்."

அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் மற்றவர்களும். அடுத்த ஞாயிறு நீங்களும் நானும் சாந்தி அக்காவும் மட்டும். பிறகு அவரும் வரவில்லை. ரயிலில் உங்களைக் கண்டவர்கள் அடுத்த பெட்டிக்கு மாறினார்கள். எனக்குக் கோபம் வந்தது. "விடு பிள்ளை. அவையளின்ரை ஆக்கள் அங்கை நிக்கினம். பயம் இருக்குந்தானே" என்றீர்கள். சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டியும் அப்படியே இருந்தீர்கள்.

ஏற்கெனவே பழுதாயிருந்த உங்கள் இதயம், இரண்டு வருடம் கழித்து, இராணுவம் நெருங்க நெருங்க வன்னி சுருங்கிக்கொண்டிருந்த தை மாதத்தில் நின்றது. போர் தோற்று, எண்ணற்ற சனம் செத்த அந்த வருடத்து மே மாதத்தை நீங்கள் பார்க்கவில்லை.

ஜூனில் சாந்தி அக்கா என் வீட்டுக்கு வந்தார். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கடைசிக் கிழமை வரைக்கும் நாங்கள் வெல்லுறம் எண்டுதான் வீடியோவிலை பாத்தனான். அண்ணை சொன்னது சரியாப் போச்சுது, என்ன?"

ஓம் என்றேன். நீங்கள் சொன்னது சரி என்று ஒருநாள் யாராவது ஒப்புக்கொண்டால் பெருமைப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பெருமை வரவில்லை. நீங்கள் பிழையாகவே போயிருக்கக் கூடாதா? சனமெல்லாம் தப்பியிருக்க, அந்த ஞாயிறை நினைத்து நாங்கள் உங்களைக் கேலி செய்திருக்கக் கூடாதா? இந்த ஏக்கத்தோடுதான் இன்னும் இருக்கிறேன், அண்ணை.