டீச்சர் புறப்பட்டாச்சு

மார்ச் 4

கடைவீதிக்குப் போய்வர இன்றும் ஒன்பது நிமிடம்தான். வழியில் ஈ காக்கா இல்லை. எண்பத்தொரு வயதில் இப்படி ஓட்ட யாருக்கு வரும்? மகள் மட்டும் வாசலில் நின்று, நான் முழுசாகத் திரும்பியிருக்கிறேனா என்று ஏற இறங்கப் பார்த்தாள். லைசென்ஸ் இருபதாம் தேதி முடிகிறதாம். இந்த முறை புதுப்பிக்க வேண்டாமே என்று இழுத்தாள். காது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். இந்த வயதில் அது ஒரு வசதி.

மாப்பிள்ளை வழக்கம் போல கப்சிப். தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனிதர், வாயில்லாப் பூச்சி. நான் சாவியை எடுத்தால் அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். என் மேல் அவ்வளவு பயம்.

மார்ச் 6

பேத்தி போன் செய்தாள். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டாள். ஒருவரும் இல்லை. அவள் தாத்தா டாக்ஸி ஓட்டினார். எனக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது ஒரு பெண்ணையும் ஒரு காரையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பெண்ணை வளர்க்கத் தெரியும், காரைத்தான் தெரியாது. ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மூன்று வாரம் தனியாக முட்டி மோதினேன். ஒரு வேலியும் இரண்டு கோல் கம்பமும் போயின. நான்காம் மாதம், கார் ஓட்டக் கற்றுத்தரப்படும் என்று வாசலில் பலகை மாட்டினேன். ஊர் சிரித்தது. பிறகு அதே ஊர் வரிசையில் நின்றது.

நாற்பது வருடம். கண் டாக்டர், போலீஸ் இன்ஸ்பெக்டர், பஸ் டிரைவர்கள் — எல்லாரும் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். மளிகைக்கடைக்காரனுக்கு இன்றும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் பெயர். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான்.

மார்ச் 9

இடது கண்ணில் புகை மூட்டம். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

மார்ச் 11

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

தையல் நூல் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார், யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தேன். என் வீதிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தன இத்தனை வேன்கள்? சைக்கிள்கள் குறுக்கே பாய்ந்தன. ஒதுங்க இடம் தேடித் திருப்பியதில் பழ வண்டியில் இடித்துவிட்டேன். ஆரஞ்சுகள் தெரு முழுக்க உருண்டன. யாருக்கும் அடி இல்லை.

பழக்காரி என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பழங்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: “என்ன டீச்சர், இன்னைக்கு போன் வரலையே?”

எந்த போன் என்று கேட்டேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 12

ரிவர்ஸைக் கடையிலேயே போய்ப் பிடித்தேன். நடந்துதான் போனேன். ஐந்து நிமிடம் மழுப்பினான், பிறகு போனைக் கொடுத்துவிட்டான்.

ஒரு குரூப். பெயர், ‘டீச்சர் புறப்பட்டாச்சு’. அறுபத்து நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக நடக்கிறது. “மஞ்சள் கார் கிளம்பியாச்சு.” “பள்ளிக்கூட வாசல் காலி.” “வேனை எடுத்தாச்சு.” “பஸ்ஸை மூலையில் நிறுத்தியிருக்கேன், போனதும் சொல்லுங்க.” இன்ஸ்பெக்டர் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறான்.

முதல் செய்தி எப்போதும் ஒரே எண்ணிலிருந்து. என் வீட்டு மாடியிலிருந்து.

மார்ச் 13

யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டேன். கோபத்தில் பட்டினி கிடக்கிற வயதா இது?

மார்ச் 14

அறுபத்து நாலு பேர் சேர்ந்து என்னை பொம்மை கார்ல உக்கார வச்சு வேடிக்கை பாத்திருக்காங்க. நானும் ராணி மாதிரி கையாட்டிட்டே போயிருக்கேன். எவனுக்காவது என் முகத்துக்கு நேரா சொல்ல வாய் வந்துச்சா? வெட்கமா இருக்கு. வெளிய தலை காட்ட முடியல.

மாலையில் பழக்காரி வந்தாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத்தான் வந்தாளாம். போகும்போது மெல்ல இன்னொன்றும் சொன்னாள். அன்று வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி நின்றிருக்கிறாள். இவள்தான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

நான் எந்தச் சிறுமியையும் பார்க்கவில்லை. வீதியில் அப்படி ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாது.

மார்ச் 16

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். ஒன்றுதான் கேட்டேன். ஏன் என்னிடமே சொல்லவில்லை?

மனிதர் வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “உங்கள நிறுத்துறத விட ஊர நிறுத்துறது சுலபமா இருந்துச்சு அத்தை.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எழுந்து போகச் சொன்னேன். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மார்ச் 18

கண் டாக்டரிடம் போனேன், டாக்ஸியில். சோதித்துவிட்டு உள்ளதைச் சொன்னான். இடது கண்ணைச் சரிசெய்யலாம். வலது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான். லைசென்ஸுக்கான சான்றிதழ் தாளை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவை உருட்டினான். மூன்று தடவை தேறாமல் போய், என் காரிலேயே அழுதவன். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான், அது எனக்குத் தெரியும்.

“தாளை உள்ள வை” என்றேன். வைத்தான். உடனே அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அந்த அளவுக்குக் கண் தெரிகிறது எனக்கு.

மார்ச் 20

லைசென்ஸ் முடிந்தது. சாவியை ஆணியில் மாட்டினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இங்கே எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே மறுப்பேன்.

மார்ச் 27

இந்த வாரம் கடைவீதிக்கே போகவில்லை. மகள் எல்லாம் வாங்கி வந்துவிடுகிறாள். நூல் நிறம் தப்பு.

ஏப்ரல் 2

காலையில் மாப்பிள்ளை சாவியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அறுபத்து மூன்று வயது. இந்த ஊரில் என்னிடம் படிக்காமல் தப்பித்த ஒரே ஆள். “எனக்குக் கத்துக்குடுங்க அத்தை” என்றார்.

திட்டுவேன் என்றேன். தெரியும் என்றார்.

ஏப்ரல் 19

மைதானத்தில் பதினொரு தடவை வண்டியை அணைத்தார். கிளட்சை மிதிக்கிறாரா, தபால்தலை ஒட்டுகிறாரா என்று தெரியவில்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன், எத்தனை நாளாயிற்று!

ஜூன் 30

இரண்டாம் தடவையில் தேறினார். டாக்டரை விட மேல். குரூப்பைக் கலைக்கச் சொல்லி ரிவர்ஸுக்கு ஆள் அனுப்பினேன்.

ஜூலை 8

இன்று முதன்முதலாகக் கடைவீதிக்கு. அவர் ஓட்ட, நான் பக்கத்தில். முப்பத்தொரு நிமிடம். வேன், சைக்கிள், பஸ் எல்லாம் தத்தம் வேலையாகப் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூட வளைவில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இறங்கி ஓடிவிடுவார் போல இருந்தது.

கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, லாரிக்காரனை ஆசை தீரத் திட்டினேன். வெளியூர்க்காரன் போலிருக்கிறது, பதிலுக்கு அவனும் நன்றாகவே திட்டினான். ரொம்ப நாளுக்குப் பிறகு என்னிடம் ஒருவன் மறைக்காமல் பேசினான்.

“கிளம்புங்க மாப்பிள்ளை, நமக்காக யாரும் ஒதுங்க மாட்டாங்க” என்றேன்.

அவர் கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி குதிக்காமல் நகர்ந்தது.