காப்பார் கரையில் கேட்ட அழுகை

ஞாயிறு, இரவு

பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் முதல்முறையாகத் தனியாக நடந்தேன். விடிந்ததும் பால் கொடுத்து, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் எங்கள் காப்பார் ஊரின் கடலோர மண்கரைக்குப் போனேன். பனியில் கடலே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் போனால் என்ன தெரியும் என்று பார்த்துப் பார்த்தே நெடுந்தூரம் போய்விட்டேன்.

சதுப்பு மரங்களுக்குள் திடீரென்று ஒரு குழந்தை அழுதது. என் சட்டை நனையப் பால் சுரந்துவிட்டது. எதிரே மோட்டார்சைக்கிளில் வலையோடு ஒருவர் வந்தார்.

"அண்ணே, அங்க ஒரு புள்ள அழுவுது!"

"புள்ளையா? கொரங்குக் குட்டி லா தங்கச்சி. வீட்ல கைக்கொழந்த இருக்கா?"

அவர் அதைக் கேட்டதும், நம் பிள்ளையும் அழுகிறானோ என்று பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் திரும்பினேன்.

மாமியார் வாசலிலேயே மறித்தார். "அவன் நல்லா தூங்குறான். கால கழுவு. வெளிய போய்ட்டு வந்தா மொதப் பால பீச்சி விட்டுட்டுத்தான் குடுக்கணும்."

"அது கரையிலேயே போச்சு அத்தை."

"யாருக்கு?" என்று என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கேள்விதான் தூங்கவிடவில்லை. அழுதது குட்டிதான் என்றால், அதன் தாய் எங்கே போயிருந்தாள்? அவளும் கொஞ்ச தூரம் தனியாக நடந்துவிட்டு வரலாம் என்று...

இதோ, எழுந்துவிட்டான்.