வேண்டுதல் இல்லாமல் ஏறிய மலை

அடியே,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இலை சிவப்பதைப் பார்க்க மலை ஏறுவதற்கு உலகத்திலேயே சிறந்த பத்து இடங்களாம். ஜப்பான், கனடா, காஷ்மீர் என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் கோட்டு போட்ட யாரோ ஒருத்தி கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். “நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுக்கா?” என்று பெருமூச்சு வேறு விட்டாள். எனக்கு வந்ததே கோபம். “ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருடி” என்றேன். நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆம்பூர் தாண்டி வெளியே ஏலகிரி மலை மாசி வெயிலில் செங்கல் நிறத்தில் கிடந்தது. நீ இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் பதினோராவதாக நம் மலையைச் சேர்க்கச் சொல்லி அவளைப் பாடாய்ப் படுத்தியிருப்பாய். நீ இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு எழுத்தால்தான். நான் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற லைனில் இருந்தேன். நீ நிறம் பார்க்கிற மேஜையில். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நம் தோலும் அதே நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. வந்திருந்தால் பாஸ், வராவிட்டால் ஃபெயில். ஒருநாள் புதிதாக வந்த தோல் கட்டில் கையால் எழுதிய சீட்டு ஒன்று தொங்கியது. நாலே எழுத்து இங்கிலீஷ். ‘ஃபால்’ என்று எழுதியிருந்ததை நீ ‘ஃபெயில்’ என்று படித்தாய். மூன்றாவதாக இருந்த ‘எல்’லை ‘ஐ’ என்று நினைத்து, மேலே புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று நீயே முடிவு கட்டி, அருமையான தோல் அத்தனையையும் கழிவுப் பக்கம் தள்ளிவிட்டாய்.

மறுநாள் ஆர்டர் பார்க்கிற சார் தலைதெறிக்க ஓடி வந்தார். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய்.

“தப்புதான் சார். ஆனா ஃபால்னா இன்னா சார்?”

“அவங்க ஊர்ல எலை கொட்ற சீசன்மா. எலையெல்லாம் இந்தத் தோலு கலருக்கு வந்துடும். அதப் பாக்கறதுக்குன்னே லீவு போட்டு மலை ஏறுவாங்க.”

“நம்ம ஊர்ல எலை கொட்னா பொம்பளைங்க கைல வெளக்குமாத்த குடுப்பாங்க சார்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் இதையெல்லாம் சொன்னாய். நீ பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற வீட்டில் வளர்ந்தவள். இலை என்றாலே அளவாக வெட்டுவதற்கு என்றுதான் உனக்குத் தெரியும். “சும்மா பாக்கறதுக்கு எலையாம், கேட்டியா? நம்ம மலைக்கு மட்டும் இன்னா கொறச்சல்? மாசில எல்லா மரமும் கொட்டுதே” என்றாய். எனக்குப் பசி. “ஆமா, கொட்டுது” என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு ‘ஆமா’வைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

ஏலகிரி பஸ்ஸில் ஏறி, மலைமேல் மங்கலம் ஊர்ப்பக்கம் இறங்கி, உச்சியில் கோயில் இருக்கிற சாமிமலைக்குப் போகிற கல் பாதையைக் கேட்டோம். டீக்கடைக்காரர் நம் கையைப் பார்த்தார். தேங்காய் இல்லை, பூ இல்லை, கற்பூரம் இல்லை.

“வேண்டுதலாம்மா?”

“இல்லண்ணா. எலை பாக்க வந்தோம்.”

“எந்த எலை? மூலிகையா?”

“எல்லா எலையும்ண்ணா.”

அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நம் பக்கத்துப் பெண்கள் மலைக்குப் போனால் ஒன்று வேண்டுதலுக்கு, இல்லையென்றால் விறகுக்கு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்கு எட்டவே இல்லை. எனக்கும்தான் அன்றுவரை எட்டவில்லை.

பாதி மலையில் நீ நின்றுவிட்டாய். சரிவு முழுக்க மரங்கள் பாதி உதிர்ந்து, மிச்ச இலைகள் மஞ்சளும் துருவும் சிவப்புமாக நின்றன. இலையே இல்லாத புரச மரத்தில் பூ மட்டும் பற்றி எரிந்தது. பெயர் தெரியாத ஒரு மரத்தில் புதுத்தளிர் குங்கும நிறத்தில் விட்டிருந்தது. கொட்டுவதும் சிவப்பு, முளைப்பதும் சிவப்பு. நீ கீழே கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாய். “இது டான். இது காக்னாக். இது டார்க் பிரவுன், ஓரத்துல கொஞ்சம் லைட்டாயிடுச்சி, பரவால்ல, பாஸ்” என்று தோல் நிறங்களின் பெயரைச் சொல்லி அத்தனையையும் பாஸ் போட்டாய். ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கு நானும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போதுதான் கவனித்தேன்.

அப்புறம் ஒவ்வொரு மாசியிலும் போனோம். தெருவில் பேச ஆரம்பித்தார்கள். “காரணம் இல்லாம மலை ஏறுனா மலை சும்மா வுடுமா?” என்று உன் நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். நீ அதற்கும், “அது எங்கள இன்னா பண்ணும்? அதுவே சும்மாதான நிக்குது” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாய்.

பிறகு உனக்குக் கல்லீரல் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து நீ பாதியானாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு, “இவங்க மலை மேல பழி போடுவாங்க பாரேன். எனக்கு அங்க போனது நல்லாத்தான் இருந்துச்சி. யாரு கேட்டாலும் சொல்லு” என்றாய். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. உன் காரியத்தன்று கூடத்தில் உட்கார்ந்து உன் நாத்தனார், “வேண்டுதல் இல்லாம ஏறுனா, மலை கொண்டுபோயிடுச்சி” என்றபோது, நாலு பேர் ‘உச்’ கொட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளரைப் பார்த்தேன். பயம். டாக்டர் சொன்னது புரிந்தும், ஒருவேளை இருக்குமோ என்று எனக்குள்ளேயே ஒரு மூலையில் அரித்தது. அதற்குப் பிறகு இரண்டு மாசி வந்து போனது. நான் மலைப்பக்கமே போகவில்லை. உன்னைக் குற்றவாளியாக்கிவிட்டு ஊர் நிம்மதியாகத் தூங்கியது. நானும்தான் தூங்கினேன். அதற்கு என்னை மன்னிக்காதே.

போன வாரம் உன் மகள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். காலேஜ் கடைசி வருஷம். “பெரிம்மா, அம்மா போன எடத்துக்கு என்னக் கூட்டிக்கினு போறியா? அப்பா வுடமாட்டாரு. நீ வந்து கேளு” என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் வீட்டுக்காரர் ரயில்வே டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். பாவம், கெட்டவர் இல்லை. உன்னைப் பறிகொடுத்தவர், மகளையும் பறிகொடுக்கப் பயப்படுகிறார்.

“எலை பாத்தா இன்னாம்மா கெடைக்கும்?” என்றார்.

“ஒண்ணும் கெடைக்காதுண்ணா.”

“அப்புறம் இன்னாத்துக்குப் போறீங்க?”

“ஒண்ணும் கெடைக்காததுக்குத்தான்.”

அவர் வழியை மறித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இறங்கிப் பேசினார். “சரி, ஒரு வேண்டுதலாவது வெச்சிக்கினு போங்க. பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு ஒரு தேங்கா ஒடைங்க. ஊரு வாய் அடங்கும். எனக்கும் மனசு ஆறும்.” உன் மகள் என்னைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடு பெரிம்மா, என்ன ஆகிவிடப் போகிறது என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எனக்கும் நாக்கு நுனிவரை ‘சரி’ வந்துவிட்டது. ஒரு தேங்காய்தானே!

ஆனால் அந்தத் தேங்காயை உடைத்தால், நீ உடைக்காமல் ஏறியது தப்பு என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும்.

“வேணாம்ண்ணா” என்றேன். “எனக்கும் சாமி இருக்குது, நாள் கெழமைக்குப் போவேன். இன்னிக்கு வேண்டுதல் இல்லாமத்தான் போவோம். அவ செத்தது நோய்ல. மலை அவளக் கொண்டுபோவல. அங்க அவ நல்லாத்தான் இருந்தா, அவ வாயாலயே எங்கிட்ட சொன்னா. இத அன்னிக்கே கூடத்துல நான் சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உன் நாத்தனார்தான். கேட்கட்டும் என்று, “மலை அவளக் கொண்டுபோவல” என்பதை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திரும்பவும் சொன்னேன்.

உன் வீட்டுக்காரர் கதவை விட்டு ஒதுங்கி நின்றார். உன் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.