வெள்ளவத்தைக்கு வந்த கடற்சாமந்திகள்

வெள்ளவத்தை,
12 ஜனவரி 2025

அன்புள்ள பிரியனுக்கு,

நான் சுகம். வின்னிப்பெக் குளிர் உங்கள் எலும்புவரை போகாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். போனில் கதைக்கத் தொடங்கினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் ஈமெயிலில் எழுதுவோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. எழுதும்போது குரல் உயராது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும், கோபிக்கக் கூடாது. நான் கனடாவுக்கு வருவதற்கு முன்னர் உங்கள் கடல்மீன் தொட்டியை விற்கச் சொன்னீர்கள் அல்லவா? கல்கிசையில் ஒரு குடும்பம் கேட்கிறது என்று மீன்கடை பேர்னாட் சொல்லியிருந்தார். விபரம் கேட்கத்தான் இன்று காலை வத்தளைக்கு பஸ் ஏறினேன். அவர் வரும்வரை கடையின் பின்பக்கம் நின்றபோது ஒரு தொட்டியில் இரண்டு அனிமனிகளைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் கடற்சாமந்தி என்று படித்தோமே, அதுதான். ஒன்று தேன் நிறம், விரல்போல நீண்ட இழைகளின் நுனிகள் மட்டும் ரோஸ். மற்றது மங்கிய பச்சை. அந்தப் புழுங்கிய கடைக்குள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்று அவற்றுக்கு மட்டும் வீசியதுபோல அசைந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"மிஸ், தொட்டி விக்கிற கதைக்குத்தானே வந்தீங்க?" என்று பேர்னாட் கேட்டார்.

"இல்லை. இது ரெண்டையும் கட்டித் தாங்கோ" என்றேன். யாரோ சொன்னதுபோல இருந்தது.

இப்போது பைகள் இரண்டும் தொட்டித் தண்ணீரில் மிதக்கின்றன. கரையோர ரயில் போகும்போதெல்லாம் மெல்ல ஆடுகின்றன. அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்டவுடன் எழுதுங்கள்.

உங்கள்
உஷாந்தி


வின்னிப்பெக்,
12 ஜனவரி 2025

என் உஷாவுக்கு,

வேலைக்கு எழும்பிய கையோடு உம்முடைய கடிதத்தைப் பார்த்தேன். வீடு காலி செய்கிற நேரத்தில் யாராவது புது விருந்தாளிகளைக் கூட்டிவருவார்களா? கோபிக்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஏழு வருடமாக அந்தத் தொட்டியை "உங்கட உப்புத்தண்ணி" என்று சொன்ன மனுஷி நீர்.

சரி, கவனமாகக் கேளும். பையில் இருக்கும் தண்ணீரோடு அவற்றை ஒரு சுத்தமான வாளிக்குள் விடும். மெல்லிய காற்றுக்குழாயில் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைத் துளித்துளியாக வாளிக்குள் இறக்கும். பேர்னாட்டின் தண்ணீரும் எங்கள் தண்ணீரும் ஒரே உப்பு அல்ல. அவசரப்பட்டால் அவை தாங்கா. வாளித் தண்ணீர் மூன்று பங்காகப் பெருகியபிறகு கையுறை போட்டு ஏந்தி எடும். பாதம் எங்காவது ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம், விரலால் மெல்ல வருடினால் தானாக விடும். வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

அலை மோட்டரை நிறுத்திவிட்டு, கல்லிடுக்கில் பாதம் கீழே இருக்கும்படி வையும். ஒட்டிக்கொண்ட பிறகு மோட்டரைப் போடும். லைட்டைக் குறைத்துவிடும். சில நாட்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். சுருங்கும், வாடின பூப்போலத் தொங்கும். பயப்படாதேயும், பழைய தண்ணீரைத் துப்பிவிட்டுப் புதிதை இழுக்கிறது. அது நடந்து திரியும். நாங்கள் பிடித்து இருத்த முடியாது. நடந்துபோய் உள்ளே இழுபடாமல் இருக்க மோட்டர் வாய்க்கு மட்டும் ஒரு ஸ்பொஞ் கட்டிவிடும்.

இங்கே ஆறு உறைந்துவிட்டது. ஆட்கள் அதன்மேல் நடந்து கடைக்குப் போகிறார்கள். நேற்று நானும் நடந்தேன். நடுவில் குனிந்து, கீழே தண்ணீர் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க ஆசையாக இருந்தது.

விசா மெடிக்கலுக்குத் திகதி வந்ததா? எழுதும்.

உம்முடைய
பிரியந்தன்


வெள்ளவத்தை,
26 ஜனவரி 2025

அன்புள்ள பிரியனுக்கு,

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். முடிச்சு இறுகாமல் முதலில் தண்ணீர் ஓடியது, பிறகு சரிவந்தது. பச்சை அன்றைக்கே கல்லிடுக்கில் பாதத்தை நுழைத்துக்கொண்டது. ரோஸ் அப்படியல்ல. ஒருநாள் கல்லின் பின்பக்கம் போய் ஒளித்தது. அடுத்தநாள் கண்ணாடியில் ஏறி, தன் உள்ளங்காலை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நடப்பதை மட்டும் காணவே முடியவில்லை. பார்க்கும்போது அசையாது, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் வேறிடத்தில் இருக்கும்.

உங்கள் கோமாளி மீன் சோடி முதலில் கிட்டவே போகவில்லை. பிறகு பெண்மீன் வந்து பச்சையின் நுனியில் உடம்பை ஒருதரம் உரசிவிட்டு ஓடியது. திரும்ப வந்தது. திரும்ப ஓடியது. புதன்கிழமை வேலையால் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன், இரண்டும் விரல்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. பின்னேரம் கடல் பக்க வெளிச்சம் கூடத்துக்குள் வரும்போது தொட்டிக்குள்ளேயும் ஒரு பொழுது சாய்கிறது. நான் தரையில் சாய்ந்து இருந்துவிடுகிறேன். கண்ணை மூடினாலும் அந்த அசைவு நிற்பதில்லை. கட்டிலில் படுத்தால் கட்டிலும் மெல்ல மிதக்கிறது.

என் பேச்சுப் பயிற்சிக் கிளினிக்குக்கு ஒரு சின்னப்பிள்ளை வருகிறாள், "ர" வராது. அவளுக்கு அனிமனியின் படத்தைக் காட்டி, "இது என்ன செய்யுது?" என்று கேட்டேன். "விரியுது மிஸ்" என்றாள். "ர" அவ்வளவு துப்புரவாக வந்தது. சொல்லிவிட்டு அவளே என் முகத்தைப் பார்த்தாள்.

கவனமாக இருங்கள்.

உஷாந்தி


வின்னிப்பெக்,
2 பெப்ரவரி 2025

என் உஷாவுக்கு,

மீன்கள் குடிபோன செய்தியை பஸ்ஸில் வாசித்துவிட்டு இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். நான் இருந்தபோது அவை ஒரு மூலையில் மோட்டரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தவை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

ரோஸ் இன்னும் நடக்கிறது என்றால் இடம் சரிவரவில்லை. வெளிச்சமும் நீரோட்டமும் பிடிக்கும்வரை அலையும். கரண்ட் போனால் சமாளிக்கப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையும்.

இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கிழக்கே ஜன்னல். உமக்குப் பிடிக்கும். ஆனால் மெடிக்கல் பற்றி நீர் ஒரு சொல்லும் எழுதவில்லை உஷா. நீர் மறந்திருக்க மாட்டீர் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

பிரியந்தன்


வெள்ளவத்தை,
10 பெப்ரவரி 2025

பிரியன்,

நேற்றுக் காலை கரண்ட் போய்விட்டது. நீங்கள் சொன்ன பம்ப்பை நான் இன்னும் வாங்கியிருக்கவில்லை. நானும் கீழ்வீட்டு ஹம்சிகாவும் மாறிமாறி ஜக்கால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம், காற்றுப் போகட்டும் என்று. "அக்கா, கை விட்டுப்போச்சு, நீங்க கொஞ்சம் ஊத்துங்கோ" என்று அவள் சொல்வாள், பிறகு அவளே ஜக்கைப் பிடுங்கிக்கொள்வாள். மீன்கள் தப்பின.

பின்னேரம் கரண்ட் வந்தது. அலை மோட்டர் சுழன்ற சத்தம் மாறிக் கேட்டது. ஓடாமல் நின்ற நேரத்தில் ரோஸ் அதன்மேல் ஏறியிருக்கிறது. கழுவுவதற்காக ஸ்பொஞ்சை அன்றைக்குத்தான் கழற்றியிருந்தேன். வயரைப் பிடுங்கி எடுப்பதற்குள் அது நடுவால் கிழிந்துவிட்டது. கையில் எடுத்தபோது ஒன்றும் கனமில்லை. ஈரமான பட்டுத்துணிபோல இருந்தது. ஹம்சிகா, "எறிஞ்சு விடுங்கோ அக்கா, தண்ணி பழுதாகிடும்" என்றாள். என்னால் முடியவில்லை. அதைத் தண்ணீருக்குள் பிடித்தபடி நின்று அழுதேன். நீங்கள் புறப்பட்டபோதுகூட நான் அப்படி அழவில்லை.

இதற்குமேல் மறைக்க முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மெடிக்கலுக்குத் திகதி வந்தது. நான் போகவில்லை. நான் வரவில்லை பிரியன். உங்கள்மேல் வெறுப்பு இல்லை. என் வேலை "ர"வுக்கும் "ல"வுக்கும் "ழ"வுக்கும் நடுவில் நடக்கிற வேலை. அந்த ஊரில் நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? ஆறு மாதமாக இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இந்த ஒரு மாதமும் மீன் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

உஷா


வின்னிப்பெக்,
10 பெப்ரவரி 2025

உஷா,

எறிய வேண்டாம். கிழிந்தது சிலவேளை பிழைக்கும். அரிசி வடிக்கிற பிளாஸ்டிக் வடி ஒன்றுக்குள் சின்னக் கல் ஒன்றும் வைத்து, அதற்குள் விட்டுத் தொட்டிக்குள்ளேயே கட்டித் தொங்கவிடும். லைட் குறைவாக இருக்கட்டும். தண்ணீரில் கால்வாசியை மாற்றும். மீன்கள் கொத்தாமல் பாரும். சாப்பாடு வேண்டாம். தினமும் மணந்து பாரும். அழுகல் மணம் வந்தால் மட்டும் எடுத்துவிடும், வராவிட்டால் விட்டுவிடும்.

பிரியந்தன்


வெள்ளவத்தை,
23 மார்ச் 2025

அன்புள்ள பிரியனுக்கு,

நீங்கள் எழுதுவதில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணக்கவில்லை. கிழிந்த ஓரங்கள் உள்ளே மடிந்து ஒட்டிக்கொண்டன. ஒன்றாக இல்லை, இரண்டாக. இப்போது வடிக்குள் இரண்டு ரோஸ் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தேத்தண்ணிக் கோப்பை வாயளவு. இன்று காலை இரண்டும் வாயைத் திறந்து ஆளுக்கு ஒரு துண்டு இறாலை வாங்கிக்கொண்டன.

பேர்னாட்டிடம் சொன்னேன். "மிஸ்ஸுக்குக் கை ராசி" என்றார். இல்லை, சொல்லித்தந்த ஆளுக்குத்தான் ராசி என்றேன்.

உஷாந்தி


வின்னிப்பெக்,
8 ஜூன் 2025

என் உஷாவுக்கு,

நான் கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர். முதலில் கோபம்தான். அது போனபிறகு எழுத இருந்தேன், உப்பையும் மோட்டரையும் பற்றித்தான் எழுத வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் ஆற்றுப் பனி உடைந்தது. பெரிய பெரிய பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. நான் இப்போது பாலங்களின் உறுதி பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அன்றைக்கு முழுதும் பாலத்தில்தான் நின்றேன். இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது உஷா. திரும்பி வந்துவிடுகிறேன் என்று உமக்குப் பொய் எழுத வரவில்லை. நீரும் எனக்குப் பொய் எழுதவில்லை. அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இரண்டு அறை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஜூலையில் மூன்று கிழமை லீவு கிடைக்கும். கொழும்புக்கு வரலாமா? புருஷன் என்ற உரிமையில் கேட்கவில்லை. உம்மைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது, அவ்வளவுதான். காலி வீதியில் ஏதாவது ஹோட்டலில் நிற்கவும் எனக்குச் சம்மதம்.

பிரியந்தன்


வெள்ளவத்தை,
9 ஜூன் 2025

அன்புள்ள பிரியனுக்கு,

ஹோட்டலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். மூன்று கிழமைக்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. நீங்கள் அதைக் கேட்டு எழுதாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இங்கே கடல் ஒரே கொந்தளிப்பு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்து, வெளியே பார்த்தால் காலி வீதியும் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது. பஸ்கள் சத்தமில்லாமல் நீந்திப் போகின்றன.

செவ்வாய்க்கிழமை பார்த்து டிக்கெட் போடாதேயுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அன்றைக்குக் கிளினிக். பிறகு யோசித்தேன், எந்த நாளிலும் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்தான். லீவு போடமாட்டேன், விமான நிலையத்துக்கு வரவும் மாட்டேன். புட்டும் கணவாய்க் கறியும் மேசையில் மூடி இருக்கும். குளித்து, சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொள்ளுங்கள்.

வீட்டுக் கதவின் பூட்டுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு திறப்பு. அதை உங்களுக்காக ஹம்சிகாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஐந்து மணிபோல நான் வந்து மணியை அடிப்பேன். நீங்கள்தான் எழும்பி வந்து எனக்குக் கதவைத் திறக்கவேண்டும்.

உங்கள்
உஷா