தகரக் கூரைக்கு அடியில் நம் குப்பி

துப்பட்டா முனையில் ஸ்பிரிட் வாசனை போகவே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டும்போது, பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கம் இந்த வாசனை என்றால் சாராயம் அல்லவா! "லேப்ல வேலைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நீ இருந்திருந்தால் மலை ஏறும்வரை சிரித்திருப்பாய். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் நாம் வைத்துவிட்டு வந்த மருந்துக் குப்பி என்ன ஆனதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

தண்ணீரில் கரைய மறுக்கும் காசநோய் மருந்து அது. பிள்ளைகளுக்கு மாத்திரையை நுணுக்கிக் கொடுத்தாலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாது. அதையே ஸ்பிரிட்டில் கரைத்துத் தண்ணீரோடு சட்டென்று மோதவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிரும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குள், கூடவே கலந்திருக்கும் பாலிமர் ஒவ்வொன்றையும் போர்த்திவிட வேண்டும். முதல் நாள் நான் சொட்டுச் சொட்டாக விட்டேன். கூழுக்கு மாவை அப்படிக் கரைத்தே பழகிய மலைக்காரி நான். அவசரப்பட்டால் கட்டி தட்டும். இங்கே எல்லாம் தலைகீழ். குடுவை முழுக்க வெள்ளைக் கட்டி.

"இன்னாடி, கூழு கரைச்சிக்கினு இருக்கியா? சட்டுனு வுடு. கட்டி தட்ட அதுக்கு நேரமே குடுக்காத" என்றாய்.

உனக்குத்தான் எதிலுமே பொறுமை கிடையாதே. உங்கள் பாத்திரக் கடையில் ஆள் பேரம் பேசி முடிப்பதற்குள் பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவாய் என்று உன் அத்தாவே என்னிடம் நொந்துகொண்டிருக்கிறார். இரண்டு ஊசிக்குழல்களை எதிரும் புதிருமாகப் பொருத்தி, நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஒரே மூச்சில் அழுத்தினோம். லேசான நீலம் ஓடிய தெளிந்த திரவம் வந்தது. நான் குதித்தேன், நீ அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டாய். "ஃபிரிட்ஜ்ல எதுவும்தான் நிக்கும். உங்க மலையில ஒரு கோடை தகரக் கூரைக்கு அடியில நிக்கட்டும், அப்பால பேசு."

கோடை தொடங்கியதும் மலைக்குப் போய், தகரக் கூரைக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அண்ணியிடம் குப்பியைக் கொடுத்துவிட்டு வந்தோம். கோடை முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்த அவசரத்தை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும், அண்ணி குப்பியை எடுத்துவந்து நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் துளி மண்டி இல்லை. அதே நீலம். வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஏன் அழுவுற? நல்லாத்தான இருக்குது? நீங்க அந்தாண்ட போனதுமே எடுத்துத் தண்ணிப் பானைகிட்ட வெச்சிட்டேன். தெனம் ஈரத்துணி சுத்துவேன். புள்ளைங்களுக்குக் குடுக்கற மருந்த யாராவது வெயில்ல வேவ வுடுவாங்களா?"

ஒரு கோடை முழுவதும் வீணாகப் போயிற்று, நம் குப்பி சூட்டையே பார்க்கவில்லை. கோபம் வந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் செய்து எடுத்துப்போன புதுக் குப்பியைத் தகரத்துக்கு அடியில் நானே கட்டித் தொங்கவிட்டேன். தொடமாட்டேன் என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கினேன். "பாவம்டி அது" என்று முணுமுணுத்தபடிதான் சத்தியம் செய்தார்.

அடுத்த கோடையும் தாண்டினால்தான் தெரியும். நீ இருந்திருந்தால் நாளைக்கே போய்ப் பார்ப்போம் என்று என்னைப் பிடுங்கி எடுத்திருப்பாய். இப்போது நம் இரண்டு பேருடைய அவசரத்தையும் நான் ஒருத்தியே சுமந்துகொண்டு திரிகிறேன்.